ஜன்னல் வரை

மருதைக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய குரு அவரைவிட இளையவர். ஆற்றங்கரையில் இருந்த அந்த ஆசிரமத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று காலை மருதை குருவின் முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை.

“அக்கா வந்திருக்கிறாள்.”

“சாப்பிட்டாரா?”

“அடுக்களையில்தான் இருக்கிறாள். ஆரம்பித்துவிட்டாள்.”

பேச்சு இங்கேயே கேட்டது. அக்கா செல்லாயி சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இப்ப சாமியாராட்டம் இருக்கான்ல, மூணாங்கிளாஸ் வரைக்கும் இவன இடுப்புல தூக்கிட்டுப் போயி விட்டது நாந்தான்.”

“மூணாங்கிளாஸ் வரைக்குமா?”

“எறங்க மாட்டான்ங்க. பூசணிக்கா கணக்கா கனப்பான். நாந்தான் இவனப் படிக்க வெச்சேன்.”

சமையல்காரர் சிரித்தார். மருதையின் முகம் சுருங்கியது.

“படகுக்காரரிடமும் இதே கதைதான். போன முறை எல்லோர் எதிரிலும், ‘போதும் உன் பெருமை’ என்று கத்திவிட்டேன். சாப்பிடாமலே போனாள். இப்போது வந்து மறுபடியும் அதையே சொல்கிறாள். இனி அவளை உள்ளே விட வேண்டாம் என்று வாசலில் சொல்லிவிடுங்கள்.”

“சொல்கிறேன். அவர் சொல்வது பொய்யா?”

“இல்லை.”

“கூட்டிச் சொல்கிறாரா?”

மருதை தயங்கினார். “குறைத்துச் சொல்கிறாள்.”

அடுக்களைப் பக்கம் பார்த்தபடி அவரே தொடர்ந்தார்.

“அம்மா வயலுக்குப் போய்விடுவாள். அக்கா கண்ணில் படாவிட்டால் நான் வகுப்பில் அழுவேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தன் படிப்பை விட்டுவிட்டு என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருப்பாள். யாரிடம் சொன்னாலும் அதோடு கதையை நிறுத்திவிடுவாள்.”

“அப்புறம்?”

“ஒருநாள் வாத்தியார் என்னிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். எனக்கு வரவில்லை. அவள் வெளியிலிருந்து மெதுவாகச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். வாத்தியாருக்குச் சந்தேகம். ‘யார்டா சொல்லிக்கொடுத்தது?’ என்றார்.”

மருதை இப்போது உட்கார்ந்துவிட்டார்.

“நான் ஜன்னலைக் காட்டினேன். கையை நீட்டிக் காட்டினேன். வாத்தியார் வெளியே போய் அவளைப் பிரம்பால் அடித்தார். மறுநாள் வீங்கிய கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தாள்.”

“இதை அவர் யாரிடமும் சொன்னதில்லையா?”

“அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பயம். இன்றைக்குச் சொல்லிவிடுவாள், இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று.”

“நீங்கள் அவரிடம் இதைப் பற்றிப் பேசியதுண்டா?”

“ஒருதரம்கூட இல்லை.”

அடுக்களையில் செல்லாயியின் குரல் சற்று இறங்கியிருந்தது. “...எம்மூஞ்சி தெரியலன்னா அழுவான். அதனால ஜன்னலுக்கு வெளியவே உக்காந்திருப்பேன்.”

குரு எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

“ஜன்னல் வரை வந்துவிட்டார். மிச்சத்தை நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.”