தூர் வார வந்த படை

ஐரோப்பாவில் பெரிய சண்டை ஓய்ந்து, இனிமேல் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று தேசங்கள் பலவும் ஜெனீவாவில் சங்கம் கூட்டிய காலம். அதை வேடிக்கை பார்க்கப் போன செங்குறிச்சி ராஜா சிவரங்க பூபதிக்கு ஊர் திரும்பியும் மயக்கம் தெளியவில்லை. அக்கம்பக்கத்து ஜமீன்தார்களை அழைத்துத் தம் அரண்மனையிலேயே ஒரு சமாதான சபை தொடங்கிவிட்டார்.

ஜெனீவாவில் பார்த்தபடியே விதி செய்தார். எந்தத் தீர்மானத்துக்கும் எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் செல்லாது. நிறைவேறியதை மீறுகிறவரோடு யாரும் சம்பந்தம் செய்யக் கூடாது. அவர் நெல் எந்தச் சந்தையிலும் இறங்கக் கூடாது.

அந்தக் கோடையிலேயே வினை வந்தது. மருதங்கோட்டை ஜமீன்தார் ரணவீரப்பர், பூவலூர்க் கண்மாய்க் கரையில் கம்பும் வேலுமாக ஆட்களை இறக்கி மடையை அடைத்துவிட்டார். தண்ணீரைத் தம் பக்கம் திருப்புவது அவர் எண்ணம். பூவலூர் ஜமீன்தாரிணி வடிவாம்பாள் கணவரை இழந்தவர். எதிர்த்து நிற்க ஆள்பலம் இல்லை. சபையை நம்பி வந்து உட்கார்ந்தார்.

ராஜா கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கை தூக்கினார்கள், ரணவீரப்பரைத் தவிர. சரி, கண்டனம் வேண்டாம், வருத்தம் தெரிவிப்போம் என்றார். அதற்கும் அந்தக் கை எழவில்லை.

“நான் சண்டைக்கா ஆள் அனுப்பினேன்? கண்மாய் தூர்ந்து கிடக்கிறது. அம்மாவுக்கு உதவியாகத் தூர் வார அனுப்பினேன்” என்றார் ரணவீரப்பர், மீசையைத் தடவிக்கொண்டு.

வடிவாம்பாள் ராஜாவைப் பார்த்தார். “கதிர் பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் வராவிட்டால் மாட்டை அவிழ்த்து வயலில் விட வேண்டியதுதான்.”

ராஜாவுக்கு அவமானம் தாங்கவில்லை. ஆஸ்தானப் புலவர் கூத்தபிரானைத் தனியே அழைத்தார். “ரணவீரப்பரே கை தூக்குகிற மாதிரி ஒரு தீர்மானம் எழுதிக் கொடும் புலவரே. முடியாதென்றால் நாளையோடு சபையைக் கலைத்துவிடுகிறேன்.”

மறுநாள் கூத்தபிரான் எழுந்து, தாம் கொண்டுவந்திருப்பது நன்றித் தீர்மானம் என்றார். சபை விழித்தது. அவர் நிதானமாக வாசித்தார்:

“பூவலூர்க் கண்மாயைத் தூர் வார ஆள் அனுப்பிய ரணவீரப்பருக்கு இந்தச் சபை நன்றி சொல்கிறது. தண்ணீர் வடிந்தால்தான் தூர் வார முடியும் என்பதால் மடை இன்றே பூவலூர் வயலுக்குத் திறக்கப்படும். வந்தவர்கள் கம்புகளையும் வேல்களையும் ஒப்படைத்துவிட்டு மண்வெட்டி எடுப்பார்கள். வேலை முடிந்தது என்று சபை தீர்மானிக்கும்வரை அங்கேயே இருந்து உழைப்பார்கள்.”

எல்லாக் கைகளும் எழுந்தன. ரணவீரப்பரின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

“ஐயா கை தூக்காவிட்டால், ஆள் வந்தது தூர் வார இல்லை என்று ஆகிவிடுமே” என்றார் புலவர் பணிவாக.

ரணவீரப்பரின் மகளைத் தம் பிள்ளைக்கு நிச்சயம் செய்திருந்த ஜமீன்தார் திரும்பிப் பார்த்தார். “அப்படியா சம்பந்தி? நேற்று எங்களிடம் சொன்னது பொய்யா?”

அந்தக் கை மெல்ல மேலே போயிற்று.

அன்று மாலையே பூவலூர் வயலில் தண்ணீர் பாய்ந்தது. மீசை முறுக்கி வந்த ஆட்கள் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். வடிவாம்பாள் அவர்களுக்குக் கூழும் மோரும் குறைவில்லாமல் ஊற்றினார். நெல் விளைந்தது, அறுப்பும் முடிந்தது. மருதங்கோட்டையில்தான் அறுக்க ஆள் இல்லை.

ரணவீரப்பர் தாமே ஓடிவந்து, தூர் வாரும் வேலை முடிந்தது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பாவம் என்று கைகள் எழுந்தன. ராஜா சிரித்துக்கொண்டே தம் சால்வையைக் கழற்றிப் புலவருக்குப் போர்த்திவிட்டுக் கைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது.

வடிவாம்பாள் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

“வடக்கு மூலையில் இன்னும் கொஞ்சம் சேறு இருக்கிறது, ஐயா.”