கூடாரம் பிரித்த நாள்

பேரரசரின் படை ஆற்றங்கரையில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. வடக்கே ஏதோ கலகமாம். யானைகள் முன்னதாகவே போய்விட்டன.

மேல்கரை நாட்டு அமைச்சர் வெண்காடன் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தார். அந்தப் படையை நடத்தும் தண்டநாயகரின் காலில் விழுந்தாவது பாதிப் படையை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவருடைய அரசரின் கட்டளை. வழியில் மடம் இருந்தது. இளமையில் அவருக்குக் கல்வி சொன்ன உலகநங்கை அம்மை அங்கேதான் இருந்தார். இறங்காமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

அம்மை துறையில் நின்று தோணிக்குள் தேங்கிய நீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

“ஆசி வேண்டும் தாயே. படை போய்விட்டால் அக்கரையிலிருக்கும் கீழ்க்கரைக்காரர்கள் ஆற்று அணைக்காக மறுபடி போருக்கு வந்துவிடுவார்கள்.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. முன்பு வந்தார்களே. என் அண்ணனை இந்த மணலில்தானே எரித்தோம்.”

அம்மை இறைப்பதை நிறுத்தினார். “நானும் நின்றேன். இப்போது அங்கே தலைவன் யார்?”

வெண்காடன் யோசித்தார். பழையவர் இறந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். பிறகு மகன் வந்தானா தம்பி வந்தானா, தெரியவில்லை.

“சண்டை நடந்த காலத்தில் உன் தந்தைக்கு அவர்கள் குதிரைகளின் பெயர்கூடத் தெரியும்.”

“இந்தப் படை வந்த இருபது ஆண்டாக அதற்கெல்லாம் தேவை வரவில்லை தாயே. எந்த வழக்கானாலும் இரண்டு நாடும் தண்டநாயகரிடம் போவோம். அவர் சொன்னதோடு சரி.”

“வாளைக் கழற்றி வை. ஏறு.”

“எங்கே?”

அம்மை தோணியைத் தள்ளத் தொடங்கிவிட்டார். அரசர் அனுப்பியது ஒரு பக்கம், தோணி போவது இன்னொரு பக்கம். ஆனாலும் அம்மையைத் தனியே விட முடியாமல் வெண்காடன் ஏறினார்.

நடு ஆற்றைத் தாண்டியபோது அக்கரையில் ஆட்கள் வேலோடு ஓடிவந்தார்கள்.

“எறிந்துவிட்டால்?”

“எறிந்தால் படும்,” என்றார் அம்மை. துடுப்பை நிறுத்தவில்லை.

தோணி மணலில் தட்டியது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் முழங்கால் நீரில் இறங்கி வேலை நீட்டினார்.

“யார்?”

வெண்காடன் வெறும் கைகளை உயர்த்திக் காட்டினார். “மேல்கரை அமைச்சன். உங்கள் தலைவரோடு பேச வேண்டும்.”

“தலைவர் இல்லை. படையைப் போக வேண்டாம் என்று கேட்கத் தண்டநாயகரிடம் போயிருக்கிறார்.” அவர் சற்றுத் தயங்கினார். “நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று பயம்.”

வேல் மெல்லத் தாழ்ந்தது.

வெண்காடன் தோணியில் உட்கார்ந்தபடியே அம்மையின் பக்கம் திரும்பினார். “அப்படியானால் இத்தனை காலம் நமக்கு இருந்த அமைதி பொய்யா, தாயே?”

“இந்த இருபது ஆண்டில் போரில் செத்தவன் என்று ஒருவனுக்கும் நான் கொள்ளி எடுத்துக் கொடுக்கவில்லை. அதை எப்படிப் பொய் என்பேன்?”

“பிறகு?”

“அது பேரரசர் கொண்டுவந்த அமைதி. அவரோடு போகிறது. நீ இறங்கு.”