துளிருக்கு இரண்டு தட்டு

ஒரு காட்டாற்று மடுவில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அந்தக் கூட்டத்து அலரிக்கு இப்போது மூன்று குட்டிகள். ஆனாலும் மடுவின் பேச்சை எடுத்தால் போதும், தம்பி துளிரோடு பள்ளிக்கூடம் போன காலம்தான் அதற்கு நினைவுக்கு வரும். எவ்வளவு நல்ல காலம் அது!

நீர்நாய்க் குட்டிகள் நீந்தத் தெரிந்தா பிறக்கின்றன? தண்ணீரைக் கண்டாலே கத்திக் கூப்பாடு போடும்! அவற்றுக்குப் பாடம் எடுத்தவர் கூட்டத்து மூத்த நீர்நாயான கடம்பன் வாத்தியார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். காலையில் பாறைமேல் ஏறி நிற்பார். ஒரு விசில் அடித்தால் எல்லாக் குட்டிகளும் ஒன்றாகக் குதிக்க வேண்டும். மறு விசிலுக்கு ஆளுக்கொரு மீனோடு மேலே வர வேண்டும்.

கோடையில் மடு வற்றிவிடும். அதற்குள் கூட்டம் முழுவதும் பாறை இடுக்குக்குள் மூழ்கி, அந்தப் பக்கம் ஓடும் பெரிய ஆற்றுக்குப் போய்விடும். வேறு வழி கிடையாது; மூழ்கத் தெரியாத குட்டி போக முடியாது.

துளிருக்கு விசில் சத்தமே ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு பாறையோடு ஒட்டிக்கொள்ளும்.

"எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே விசில்! இவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று வாத்தியார் சத்தம் போடுவார்.

அலரிக்கு மனசு கேட்கவில்லை. குட்டிகள் குதிக்கிற அமளியில் யார் பார்க்கப் போகிறார்கள்? துளிரை நாணல் மறைவில் நன்றாக நனைத்து, தான் பிடித்த மீனை அதன் வாயில் திணித்துவிடும்.

"பலே! பையன் தேறிட்டானே!" என்று வாத்தியார் பூரித்துப்போவார். அக்காவுக்கும் பெருமை தாங்காது.

பங்குனி பிறந்தது. மடுவில் தண்ணீர் இறங்கியது. ஒருநாள் துளிர் மீனைத் துப்பிவிட்டது.

"வேண்டாம்க்கா! நீ புடிச்ச மீனை எத்தனை தின்னாலும் எனக்கு மூழ்க வரலையே! நீங்க எல்லாரும் போயிடுவீங்க. நான் மட்டும் இங்கேயே கிடப்பேனா?"

அலரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடப்பாவமே, நல்லது செய்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தது! நேரே வாத்தியாரிடம் ஓடி, நடந்ததை எல்லாம் சொல்லி அழுதது.

வாத்தியார் தாம்தூம் என்று குதித்தார். "திருட்டுத்தனமா பண்றே?"

"தப்புதான் வாத்தியாரே! ஆனா விசில் அடிச்சா அவனுக்குக் காது வலிக்குது. முதுகைத் தொட்டுச் சொன்னா எதுவும் செய்வான்!"

"அவன் ஒருத்தனுக்காகப் பாடத்தை மாத்தணுமாக்கும்?"

"பாடம் அதேதான் வாத்தியாரே. விசில் மட்டும்தான் வேண்டாம்!"

வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டார். "இத்தனை நாள் நான் அவனைச் சரியாப் பார்க்கவே இல்லை, அலரி" என்றார்.

மறுநாள் மற்ற குட்டிகள் வருவதற்கு முன்பே மூவரும் தண்ணீரில் நின்றார்கள். முதுகில் ஒரு தட்டு தட்டினால் மூக்கை நனைக்க வேண்டும். இரண்டு தட்டினால் முழுசாக மூழ்க வேண்டும். முதல் நாள் மூக்கோடு சரி. மூன்றாம் நாள் காது நனைந்தது. ஏழாம் நாள் துளிர் மறுபடி முரண்டு பிடித்தது. வாத்தியார் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, "சரிடா கண்ணு, இன்னிக்கு மூக்கு போதும்" என்றார். அவர் வாயில் 'கண்ணு' வந்ததை நினைத்தால் அலரிக்கு இன்றும் சிரிப்பு வரும்!

புறப்படும் நாள் வந்தது. மடுவில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பாறை இடுக்கில் மட்டும் ஆழம் இருந்தது. கூட்டம் ஒவ்வொன்றாக மூழ்கிப் போனது. அலரி பாறைக்கு அந்தப் பக்கம், பெரிய ஆற்றின் கரையில் ஏறி நின்று தண்ணீரையே பார்த்தது. இந்தப் பக்கம் மடுவில் வாத்தியார் துளிரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். துளிர் மூழ்கியது. ஆளைக் காணோம்! அலரிக்கு உயிரே போய்விட்டது.

குபுக்கென்று ஒரு தலை மேலே வந்தது.

"அக்கா! யாரும் என்னைத் தள்ளலை! நானே வந்துட்டேன்!"

அலரி ஓவென்று அழுதது. பின்னாலேயே வந்து சேர்ந்த வாத்தியார், கண்ணில் தண்ணீர் போய்விட்டதாகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளை செய்ய வேண்டியதை நாமே செய்து கொடுக்காமல், அதற்குப் பிடிபடும் வழியைக் கண்டுபிடித்துப் பொறுமையாகக் கற்றுக்கொடுப்பதே உண்மையான உதவி.