யானை குளிப்பாட்டும் பரிசு

"பிரம்புக்குப் பயந்த பிள்ளை வாயை மூடும், ஆனால்…" என்று எங்கள் பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் மறந்துபோய்விட்டது. கதை மறக்கவில்லை, கேளுங்கள்.

ஆற்றங்கரை ஊரொன்றை ஓர் அரசன் ஆண்ட காலம். அவனுடைய யானைக் கொட்டிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் படிப்பார்கள். எழுதியதைவிட வாரி இறைத்ததே அதிகம். அந்தக் கூச்சலில் யானைகள் மிரண்டன. மூன்று ஆசிரியர்கள் பிரம்போடு வந்தார்கள். மூவரும் பிரம்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

நான்காவதாக வந்தவர் சேந்தனார்.

"பௌர்ணமியன்று வருவேன். அன்றும் இந்தச் சத்தம் கேட்டால், இந்த இடம் வைக்கோல் அடைக்கத்தான்" என்றான் அரசன்.

சேந்தனார் பிரம்பைத் தொடவில்லை. பிள்ளைகளை இரண்டு வரிசையாக உட்காரவைத்தார். வரிசைக்கு ஒரு சட்டி. மணல் எறிந்தால், கத்தினால், அடுத்தவர் எழுத்தை அழித்தால், அந்த வரிசையின் சட்டியில் ஒரு புளியங்கொட்டை விழும். குறைவாக விழுந்த வரிசைக்கு மாலையில் யானை குளிப்பாட்டும் பரிசு.

முதல் நாள் சத்தம் பாதியானது. இரண்டாம் நாள் வெறும் கிசுகிசுப்பு. மூன்றாம் நாள், கொட்டிலில் யானை காதாட்டும் ஓசைகூடக் கேட்டது. சேந்தனாருக்கு மனம் நிறைந்துபோனது.

நான்காம் நாள் இடது வரிசையில் ஓர் இடம் காலி. அது சாத்தியின் இடம். ஒரு நாழிகை சேர்ந்தாற்போல் உட்காரமாட்டாத சிறுமி அவள்.

"சாத்தி எங்கே?"

"வரவேண்டாம்னு சொல்லிட்டோம், ஐயா" என்றாள் அதே வரிசை மருதி, பெருமையாக. "அவ ஒருத்தியே சட்டியை நிரப்பிடுவா. இனிமே தினமும் யானை எங்களுக்குத்தான்!"

"அழுகுணி ஆட்டம்!" என்று துள்ளினான் வலது வரிசை ஆதன். "அப்ப நாங்களும் ஒருத்தனை நிறுத்திக்கலாமா, ஐயா? பூதன் விக்கி விக்கியே தோக்கடிக்கிறான்."

பூதன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சாத்தி என்ன சொன்னாள்?"

"கையில இருந்த மணலைத் தட்டிட்டுப் போயிட்டா" என்றாள் மருதி.

சேந்தனார் யோசித்தார். நாளை பௌர்ணமி. சாத்தி வராவிட்டால் பள்ளிக்கூடம் பிழைக்கும். வந்தால், யார் கண்டது? விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிள்ளைகள் அதைச் சரியாகவே ஆடியிருக்கிறார்கள்.

ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தி வாங்கும் அமைதி, நல்லொழுக்கம் ஆகாது.

இனி எல்லோருக்கும் ஒரே சட்டி, எல்லோரும் வந்தால்தான் யானை என்று சொல்லிவிட்டு, சேந்தனார் சாத்தியை அழைத்துவரப் புறப்பட்டார்.