மாமன் மடிக்கு ஒரு பனி உடுப்பு

வெக்கைக்குளம் என்று ஒரு ஊர். பேரில் குளம் இருக்கிறதே தவிர, அதில் தண்ணீர் நின்று பார்த்த ஆள் கிடையாது. வெக்கைதான் நிற்கும். குளிர் என்றால் சோடாக் கடைப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்த அளவுக்குத்தான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். மற்றபடி தங்கமான மனுசர்கள். ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். வம்பே அதில்தான்.

அந்த ஊரில் பூவலிங்கம் என்று ஒருத்தன். அவனுக்கு ஒரே தங்கச்சி, பேச்சிக்கனி. மூன்று வருசத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்துவது? "காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துருண்ணே" என்று சொல்லி விட்டிருந்தாள். பூவலிங்கம் விடியுமுன்னே குளித்து, திருநீறு பூசி, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டான். பஸ் வந்தது. பார்த்தான். பஸ் போனது. அதையும் பார்த்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

அங்கே பேச்சிக்கனி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் தாண்டியதும் அவள் புருசனின் அண்ணன் திரவியம், "நான் இருக்கேன்லா" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் மடியில் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அண்ணனோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

அதற்கப்புறம் அவள் புருசன் ராசமணி வடக்கே போய், மணாலிக்கும் மேலே பனிமலையில் ஒரு குக்கிராமத்தில் கடை போட்டுக் குடும்பத்தோடு தங்கிவிட்டான். இந்தத் தை மாசம் அவனிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது பிள்ளை வடிவுக்குக் காது குத்து.

"மச்சான், இந்தத் தடவை நீங்க கண்டிப்பா வரணும். ரோடு பனியில மூடிக் கிடக்கு. கீழே இருந்து டோர்ஜேன்னு ஒருத்தன் பனி ஸ்கூட்டர்ல ஏத்திட்டு வருவான். தடமே இல்லாத மலை. அதுக்குத் தக்கன உடுப்பு வேணும். எழுதிக்கிடுங்க."

பின்னால் பேச்சிக்கனியின் குரல் கேட்டது. அண்ணனிடம் பேசவில்லை, சுவரிடம் பேசினாள். "இந்தத் தடவையும் மாமன் மடி இல்லேன்னா, எனக்குப் பொறந்த வீடே இல்லேன்னு நினைச்சுக்கிடுதேன்."

பூவலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போனைப் பக்கத்தில் நின்ற சொரிமுத்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டான்.

சொரிமுத்து அண்ணாச்சி ஊரிலேயே விவரமான ஆள். எட்டாவது வரைக்கும் படித்தவர், அதுவும் மூன்று தடவை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ராசமணி சொல்லச் சொல்ல எழுதினார். மூணு அடுக்காகப் போடணும். உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக் கூடாது. நடுவிலே கம்பளி. மேலே காற்றும் தண்ணீரும் புகாதது. பனியில் விழுந்தால் தெரிகிற மாதிரி பளிச்சென்று இருக்கணும். வண்டியில் உட்கார்ந்தபடி அளவெடுக்கணும். வேர்க்கவே கூடாது. கிளம்பும்போது லேசாகக் குளிரணும்; கதகதவென்று இருந்தால் போட்டது அதிகம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.

மறுநாள் டெய்லர் தவசியின் கடையில் கூடினார்கள்.

"முதல்ல பருத்தி" என்றார் அண்ணாச்சி. பூவலிங்கத்தின் சட்டை போனது, வேட்டி போனது, பனியன் போனது. அவன் பொண்டாட்டியின் நைலான் சேலையை எடுத்து உடம்பில் சுற்றினார்கள். தவசி குனிந்து பார்த்துவிட்டுத் திடுக்கிட்டான்.

"அண்ணாச்சி, அரைஞாண் கயிறு! பருத்தில்லா?"

அண்ணாச்சி பத்திரிகையை எடுத்து மறுபடி படித்தார்.

"ஆம்பளை அரைஞாண் இல்லாம ஊர் தாண்டலாமாலே?"

"உடம்போட ஒட்டுதுன்னா, அதைவிட ஒட்டுறது வேற எது அண்ணாச்சி?"

ஒரு மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் அரைஞாணை அறுத்துவிட்டு மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பைக் கட்டினார்கள். "முள்ளை மட்டும் எடுத்துருங்க" என்று பூவலிங்கம் கேட்டுக்கொண்டான். எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு விசயத்தில் அவர்கள் புத்திசாலிகள்தான்.

நடு அடுக்குக்கு ஆடு மேய்க்கிறவரிடம் கம்பளி கிடைத்தது. மேல் அடுக்குக்கு நெல் மூடுகிற வெள்ளைத் தார்ப்பாய். காற்றும் புகாது, தண்ணீரும் புகாது.

"வெள்ளையா இருக்கே. பளிச்சுன்னு தெரியணும்லா?" என்றான் தவசி.

"ஊருக்குள்ள வரும்போது தூரத்துல இருந்தே முதல்ல என்னலே தெரியும்?"

"கோயில் சுவர்."

"ஏன் தெரியுது? வெள்ளையும் சிவப்புமாப் பட்டை அடிச்சிருக்கு. அடி அதே மாதிரி."

வெள்ளைத் தார்ப்பாயில் பதினோரு சிவப்புப் பட்டை பெயிண்ட் அடித்தார்கள்.

அளவெடுக்கப் பால்காரரின் மொபெட்டை வாங்கி வந்து பூவலிங்கத்தை ஏற்றினார்கள். முழங்காலை மடக்கி, கை இரண்டையும் முன்னால் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். தவசி வளைவு வளைவாக, மடிப்பு மடிப்பாக, ஒரு நூல் பிசகாமல் அளவெடுத்தான். தொழிலில் அவன் கெட்டிக்காரன். உடுப்பைத் தைத்துத் தொங்கவிட்டபோது ஆள் உள்ளே இல்லாமலே அது உட்கார்ந்திருந்தது.

போட்டுப் பார்த்தார்கள். வெக்கைக்குளத்து வெயிலில் பூவலிங்கத்துக்கு மூக்கு நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"லே, வேர்க்காதே!" என்று அண்ணாச்சி பத்திரிகையைக் காட்டி அதட்டினார். "எழுதியிருக்குல்லா? படிச்சவன் சொன்னாக் கேக்க மாட்டியா?"

"நான் வேணும்னேவா வேர்க்குதேன் அண்ணாச்சி?"

"மூணு வருசமா உன் தங்கச்சி ஏன் பேசலேன்னு இப்பத்தான் புரியுது. அடங்காத உடம்பு உனக்கு."

பூவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். அன்று முழுக்க வேர்க்காமல் இருந்து பழகினான். சாயங்காலம் மயக்கம் போட்டு விழுந்தான். அப்போதும் உட்கார்ந்தபடியேதான் விழுந்தான்.

ரயில் ஏறி, பஸ் ஏறி, மூட்டையில் உடுப்பைக் கட்டிக்கொண்டு பூவலிங்கம், அண்ணாச்சி, தவசி மூன்று பேரும் பனிமலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காலை எட்டு மணி. காது குத்து பத்து மணிக்கு. டோர்ஜே தங்கமான மலைக்காரன். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. மூன்று பேருக்கும் நல்ல பனி உடுப்பு எடுத்து நீட்டினான். அண்ணாச்சியும் தவசியும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். பத்திரிகையில் எழுதியது மாமனுக்குத்தானே, இவர்களுக்கில்லையே. பூவலிங்கம் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்குத் தச்சது இருக்கு."

உடுப்பை மாட்டினார்கள். முன்பக்கம் திறப்பு இருந்தால் காற்று புகுமே என்று, கழுத்தைத் தவிர எல்லாவற்றையும் தவசி ஊசி நூலால் தைத்தே மூடிவிட்டான். வெல்டிங் பட்டறையில் வாங்கி வந்த கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டினார்கள். பூவலிங்கத்துக்குச் சூரியன் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. மலை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி பத்திரிகையை விரித்தார். "கிளம்பும்போது லேசாக் குளிரணும். பூவு, குளிருதாலே?"

"நிறையக் குளிருது அண்ணாச்சி."

"நிறையக் குளிரக் கூடாதே. லேசான்னுதான் இருக்கு."

"பல்லு ஆடுது அண்ணாச்சி."

"தவசி, வெந்நீர் வை."

டோர்ஜேயின் அடுப்பிலேயே ஒரு குடம் வெந்நீர் போட்டு, கழுத்து வழியாக உடுப்புக்குள்ளே ஊற்றினார்கள். தார்ப்பாய் ஒரு சொட்டுக்கூட வெளியே விடவில்லை.

"இப்ப?"

"ஆகா… கதகதன்னு இருக்கு."

"கதகதன்னு இருந்தா அதிகம். கொஞ்சம் பொறு."

மூன்று பேரும் பொறுத்தார்கள். டோர்ஜே வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றான். தெற்கத்தி மாமன்களுக்கு இப்படி ஒரு சடங்கு இருக்கும்போல என்று அவனும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இப்ப?"

"லேசாக் குளிருது."

"கிளம்பு, கிளம்பு! விட்டா மாறிடும்!"

டோர்ஜேக்குப் பின்னால் பூவலிங்கத்தைத் தூக்கி வைத்தார்கள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தான். அண்ணாச்சியும் தவசியும் வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த சறுக்குப் பலகையில் ஏறிக்கொண்டார்கள். வண்டி தடத்தை விட்டு மலையில் ஏறியது.

ஏற ஏற உள்ளே இருந்த தண்ணீர் தார்ப்பாய்க்கும் கம்பளிக்கும் நடுவில் இறுகிக் கட்டியானது. பூவலிங்கத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. காற்றுப் புகாமல் சுகமாகத்தான் இருந்தது. மடி, மடி என்று அந்த நினைப்பிலேயே இருந்தான். டோர்ஜேயை இறுக்கிப் பிடிக்கலாம் என்று பார்த்தால் கை மடங்கவில்லை. உச்சியைத் தாண்டி ராசமணி ஊர்ப் பக்கம் இறங்கும்போது ஒரு மேட்டில் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. பூவலிங்கம் பின்பக்கமாகக் கழன்று, அண்ணாச்சியின் தலைக்கு மேலே உட்கார்ந்தபடியே பறந்து, பனியில் போய் உட்கார்ந்தான்.

தவசி கத்திய கத்தலில் டோர்ஜே வண்டியை நிறுத்தினான். இரண்டு பேரும் இறங்கி ஓடி வந்து பார்த்தார்கள். பனியெல்லாம் வெள்ளை. அதில் சிவப்பாகப் பட்டை பட்டையாக என்னவோ கிடந்தது.

"அண்ணாச்சி, பட்டை கிடக்கு. ஆளைக் காணோம்."

அண்ணாச்சி விரலை நீட்டி எண்ணினார். "பதினொண்ணு. கணக்கு சரியாத்தான் இருக்கு. வெள்ளை எங்கலே?"

"கரைஞ்சிருச்சு அண்ணாச்சி. வெள்ளையில கிடந்த மாமன் வெள்ளையோட வெள்ளையாப் போயிட்டான்."

"ஐயோ, அப்ப பாதிக்கு மேல போச்சே!"

"லே, நான் இங்கதாம்லே இருக்கேன்!" என்று பூவலிங்கம் கத்தினான். "மணி என்ன? தூக்குங்கலே என்னை!"

"குரல் மட்டும் மிஞ்சியிருக்கு" என்று தவசி அழுதான்.

"அழாதலே. இருக்கிற பட்டையையாவது பத்திரமாக் கொண்டு போயி அந்தப் பிள்ளைகிட்ட ஒப்படைப்போம். கீழ்ப் பட்டையில இருந்து எடு."

தவசி கீழ்ப் பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். கட்டி தட்டிப்போன உடுப்பு, கீழே வழுவழுவென்று பனி, சரிவான மலை. பூவலிங்கம் நகர்ந்தான். அப்புறம் வழுக்கினான். அப்புறம் பாய்ந்தான்.

பூவலிங்கத்துக்கு எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. கண்ணாடிக்குள் சூரியப் புள்ளி மட்டும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. "இந்தத் தடவை பஸ் நிக்கவே நிக்காது போலிருக்கே, தாயி" என்று தங்கச்சியை நினைத்துக் கண் கலங்கினான். அந்தக் கண்ணீர் கன்னத்திலேயே கெட்டியானது.

அங்கே பத்து மணி தாண்டிவிட்டது. ராசமணி வீட்டு முற்றத்தில் பனியைத் தள்ளி, கோலம் போட்டு, மனை போட்டு, போனில் நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார். பேச்சிக்கனி வாசலைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்ப்பதில்லை என்று வைராக்கியம். ஆனால் பிள்ளையை யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

"வரமாட்டான்மா. அவன் வழக்கம் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே, ஆசாரியையும் கூட்டிக்கொண்டு பனி மூடுமுன்பே வந்து தங்கியிருந்த திரவியம் வேட்டியை உதறி மனையில் உட்காரப் போனார். பாதி குனிந்திருந்தார்.

மலையிலிருந்து பதினோரு சிவப்புப் பட்டை பாய்ந்து வந்தது. வேலி உடைந்தது. திரவியம் பெரியப்பா வைக்கோல் போரில் இருந்தார். மனையின் மேலே, கோலத்துக்கு நேர் நடுவில், முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பூவலிங்கம் உட்கார்ந்திருந்தான்.

பூவலிங்கம்தான் முதலில் கேட்டான். "யாராவது சொல்லுங்கய்யா, இது எந்த ஊரு?"

பேச்சிக்கனி அவனையே பார்த்தாள். அவன் மடியில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டாள். பிள்ளையை அதில் உட்கார வைத்தாள். இரண்டு பக்கமும் நீட்டியிருந்த கை, பிள்ளை பிடித்துக்கொள்ள வாகாக இருந்தது. வடிவு பட்டைகளைப் பார்த்துச் சிரித்தாள். ஆசாரி பொசுக்கென்று குத்திவிட்டார். ஒரு சிணுங்கல், அவ்வளவுதான்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆடாத மடி" என்றார் ஆசாரி. "முப்பது வருசத்துல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை."

பேச்சிக்கனி வந்து அண்ணன் கண்ணிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மூன்று வருசத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. "வாண்ணே, சாப்பிடலாம். எந்திரி."

"எந்திரிக்கிற மாதிரி தைக்கலை தாயி" என்றான் பூவலிங்கம்.

ஆகவே அவனை நாலு பேர் நாற்காலியைப் போலத் தூக்கி, வீட்டுக்குள்ளே அடுப்புப் பக்கத்தில் இறக்கினார்கள். கை மடங்காததால் பேச்சிக்கனியே பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். பூவலிங்கம் மென்றுகொண்டே அழுதான். அழுதுகொண்டே இன்னொரு கவளம் கேட்டான்.

அப்போதுதான் அண்ணாச்சியும் தவசியும் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வீட்டுச் சுவர் கறுப்பு மரம். அதன் முன்னால் பூவலிங்கம் முழுசாகத் தெரிந்தான்.

"அண்ணாச்சி! வெள்ளையும் திரும்பி வந்திருச்சு!"

அண்ணாச்சி ஒவ்வொரு பட்டையாகத் தொட்டு எண்ணித் திருப்திப்பட்டார். ராசமணி கத்தரிக்கோலை எடுத்து வந்தான். "மச்சானை முதல்ல இதுல இருந்து பிரிச்சு விடுவோம்."

தவசி குறுக்கே விழுந்தான். "பிரிச்சா காத்து புகுந்துரும்! நீங்கதான எழுதச் சொன்னீங்க? நான் நிக்கிற மாதிரி இன்னொண்ணு தச்சு இதுக்கு மேலே மாட்டிவிடுதேன். தன்னால எந்திரிச்சு நிப்பான்."

"அப்ப நாலு அடுக்கு ஆயிரும். மூணுதான் எழுதியிருக்கு" என்று அண்ணாச்சி மறுத்தார்.

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அடுப்புச் சூட்டில் கட்டி இளகி, உடுப்பின் தையல் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. பூவலிங்கத்தின் முழங்கால் லேசாக அசைந்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, வேர்க்கிறான்லே!"

"வேர்க்கவே கூடாதுன்னுல்லா எழுதியிருக்கு!"

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, யாரும் தடுப்பதற்குள் பூவலிங்கத்தை வெளியே தூக்கி ஓடி, முற்றத்துப் பனியில் உட்கார வைத்தார்கள். பேச்சிக்கனி சோற்றுத் தட்டோடு பின்னாலேயே ஓடி வந்தாள். சொட்டுவது நின்றது. முழங்கால் பழையபடி கெட்டியானது. வெள்ளைப் பட்டைகள் மறைந்தன.

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மடித்து வைத்திருந்த பத்திரிகையை மறுபடி விரித்தார்.

"இப்ப எப்படி இருக்கு பூவு? குளிருதாலே?"

"நிறையக் குளிருது அண்ணாச்சி."

"தவசி, வெந்நீர் வை."