ஏரிக்கரையில முழங்கால் உசர விளக்கு

ஒரு ஊர்ல ஒரு ஏரிக்கரைப் பாதை இருந்துச்சாம். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஊரே அங்கதான் நடக்கும். பொழுது சாஞ்சா ஒரு ஈ காக்கா இருக்காது, கும்மிருட்டு. ம் சொல்லுடி. நீ ம் சொல்லலைனா அத்தைக்குக் கதை வராது.

"ம்."

அந்த ஊர்ல மரகதவல்லின்னு ஒருத்தி இட்லிக்கடை வெச்சிருந்தா. கால் முறிஞ்சு, கட்டுப் போட்டு, கட்டையும் பிரிச்சாச்சு. டாக்டர் சொல்லிட்டாரு, "தினமும் அரை மணி நேரம் நடக்கணும்மா. இல்லைனா முட்டி இறுகிடும், அப்புறம் மடக்கவே முடியாது." அவளுக்கு விடியக்கால மாவு வேலை, கடை அடைக்க ராத்திரி ஏழாயிடும். அதுக்கப்புறம் ரோட்டுல நடந்தா லாரி சர்ரு சர்ருனு போகுது. அப்போ ஊராட்சித் தலைவர் வேலுச்சாமிகிட்டப் போயி, "கரைப் பாதைக்கு லைட் போட்டுக் குடுங்கண்ணே"னு கேட்டா. தனக்குன்னு ஒண்ணு கேக்க அவளுக்கு அவ்வளவு கூச்சம், பாவம்.

அப்புறம் தலைவர் போட்டாரு. தென்னமர உசரத்துக்கு எட்டு கம்பம். ரோட்டுல போறவங்க பாத்து மெச்சணும்னு அவருக்கு ஆசை. பளீர்னு எரிஞ்சுது. மரகதத்துக்குக் கண்ணு கூசி தரையே தெரியல. எதுத்தாப்ல டீக்கடை பெஞ்சு மொத்தமும் அவ நொண்டுறதையே வேடிக்கை பாத்துச்சு. கரை மரத்துல தூங்கின கொக்கெல்லாம் விடிஞ்சிருச்சுனு நெனச்சு பட பட படனு கெளம்பிப் போயிடுச்சு.

"எங்க போச்சு?"

யாரு கண்டா. தூக்கம் கெட்டா நீ அத்தை மடிக்கு வந்துடுவ. அதுகளுக்கு ஏது மடி?

அப்புறம் இவ போயி, "கண்ணு கூசுதுண்ணே"ன்னா. அவரு ஒண்ணு விட்டு ஒண்ணு அணைச்சு விட்டாரு. இப்போ கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் இருட்டு, திரும்ப வெளிச்சம், திரும்ப இருட்டு. கண்ணு பழகுறதுக்குள்ள மாறிடுது. இருட்டுல ஒரு கல்லு, டொக். அந்தக் கால்லயே இடிச்சுக்கிட்டா. ரெண்டு நாள் கடையே தொறக்கல.

"வலிச்சுதா?"

வலிக்காம? வலியை விட பயம்தான் அதிகம். முட்டி இறுகிடுச்சுனா காலம் பூரா உக்காந்தே கெடக்கணுமேன்னு அழுதா.

தலைவருக்குக் கோவம். "போட்டாலும் குத்தம், அணைச்சாலும் குத்தமா? கழட்டுங்க"னு செபஸ்தியான்னு ஒரு லைன்மேனை அனுப்பினாரு. மரகதம் அவன்கிட்ட மெதுவாக் கேட்டா, "கம்பம் நட்டீங்களே தம்பி, ஒரு நாளாவது பொழுது சாஞ்சு இங்க நடந்து பாத்தீங்களா?"

"இல்லக்கா. எங்களுக்குப் பகல்லதான் வேலை."

"அப்போ என்கூட ஒரு சுத்து வாங்க."

லைட்டெல்லாம் அணைச்சுட்டுப் போனாங்க. அவன் மூணு தடவை தடுக்கினான். மூணாவது தடவை கீழ உக்காந்து செருப்பைத் தேடிக்கிட்டே சொன்னான், "வெளிச்சம் தலைக்கு மேல எதுக்குக்கா, காலுக்கு வேணும்."

அப்புறம் அவனே தலைவர்கிட்டப் பேசினான். கம்பத்தையெல்லாம் கழட்டிட்டு, முழங்கால் உசரத்துக்குக் குட்டிக் குட்டி விளக்கு வெச்சாங்க. மேல தொப்பி மாதிரி ஒரு மூடி. மஞ்ச வெளிச்சம் பாதையில மட்டும் விழும். தலைவர் ரோட்டுல நின்னு பாத்தாரு, ஒண்ணுமே தெரியல. "இது ஒரு லைட்டா? பத்து நாள் பாப்பேன். ஆள் நடக்கலைனா பிடுங்கி பஸ் ஸ்டாண்டுல போட்டுருவேன்"னாரு.

மொத நாள் மரகதம் மட்டும் நடந்தா. ரெண்டாம் நாளும் அவதான். தரை தெரிஞ்சுது, முட்டி மடங்குச்சு, ஆனா கூட யாரும் இல்ல. ஒம்பதாம் நாளும் ஒத்தையாத்தான். மடங்க ஆரம்பிச்ச காலுக்கு இனி பாதை இல்லையேன்னு அவ அன்னிக்கு இன்னும் ஒரு சுத்து சேத்து நடந்தா.

பத்தாம் நாள் பின்னாடி சரக் சரக்னு சத்தம். திரும்பிப் பாத்தா மூஞ்சி தெரியல. ரெண்டு கால், நைட்டியோட ஓரம்.

"யாரு?"

"நான்தான்க்கா, தையக்கடை பூங்கோதை. இங்க யாரு என்னன்னு தெரியாதாமே. அதான் நைட்டியோடயே வந்துட்டேன்."

அவ பின்னாடி இன்னும் நாலு கால். அதுக்குப் பின்னாடி ஆறு. பகல் பூரா வேலை, ராத்திரி வெளிய வந்தா ஊர் பாக்குமேன்னு இருந்த பொம்பளைங்க எல்லாரும்.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போ தலைவர் செபஸ்தியானைக் கூட்டிக்கிட்டு விளக்கைப் பிடுங்க வந்தாரு. ரோட்டுலருந்து பாத்தா யாருமே இல்ல. கரைமேல ஏறினாரு. அவரு முன்னாடி கால்கள் போகுது, ரப்பர் செருப்பு, வெறுங்கால், வெடிச்ச குதிகால். கடைசியா ஒரு கால் வந்துச்சு, வெரல்ல மெட்டி. அவரு கல்யாணத்துல அவரே குனிஞ்சு போட்டு விட்ட மெட்டி. இருபது வருஷமா அந்தக் காலு எங்கயாவது நடந்து போக ஆசைப்பட்டுச்சான்னு அவரு ஒரு நாளும் கேட்டதில்ல.

அந்தம்மா அவரைக் கவனிக்காமப் பேசிச் சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. தலைவர் ஓரமா ஒதுங்கி வழி விட்டாரு. "இருக்கட்டும்டா"னு செபஸ்தியான்கிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போயி, சோத்தைத் தானே போட்டுச் சாப்பிட்டாரு.

அவங்க இன்னும் நடக்கிறாங்க, கதை இங்க நின்னுக்கிச்சு. நீ கண்ண மூடிக்க.