கொடி பிடித்த ஸ்டாப்பர்

கால்பந்து லீக்கின் மூன்றாம் டிவிஷனில் கோல்போஸ்ட்டுக்கு வலை கிடையாது. பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று அடித்துக்கொள்ளாமல் ஒரு மேட்ச்சும் முடிந்ததில்லை. வலை கட்டின கோல்போஸ்ட் வேண்டுமென்றால் இரண்டாம் டிவிஷனுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் சவரிமுத்து பதினாலு வருஷமாகக் காத்துக் கிடந்தார்.

பூட்டுத் தெரு பாய்ஸ் அணியின் ஸ்டாப்பர் அவர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி டிஃபெண்டர். வயது முப்பத்தொன்பது. பிழைப்புக்கு மினி பஸ்ஸில் கண்டக்டர். பாய்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களே ஒழிய, அந்த அணியில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள்.

கோச் ஜெசிந்தா டீச்சர் அவரைவிட ஐந்து வயது சின்னவர். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். சவரிமுத்துவை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் சொல்லிக்கொடுப்பது யார், கேட்டுக்கொள்வது யார் என்பதில் இருவருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

சவரிமுத்துவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதிர் அணி ஃபார்வர்ட் தன்னைத் தாண்டி ஓடினால் போதும், வலது கை தானாக மேலே போய்விடும். 'ஆஃப்சைடு சார்' என்று ரெஃப்ரியிடம் கேட்கிற கை. கேட்டபடியே நின்றுவிடுவார். அதற்குள் அந்த ஆள் கோல் போட்டுவிட்டு சாவகாசமாகத் திரும்பி வருவான்.

"அண்ணே, கையைத் தூக்காதீங்க. ஓடுங்க" என்று டீச்சர் ஆறு வருஷமாகச் சொல்லிவருகிறார்.

"சரி டீச்சர்" என்று சவரிமுத்துவும் ஆறு வருஷமாகச் சொல்லிவருகிறார்.

லீக்கின் கடைசி நாள். மத்தியானம் இரண்டு மணி மேட்ச்சில் பூட்டுத் தெரு மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. அந்த ஒன்று எப்படி விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது அவர்களுக்குப் பத்தொன்பது பாயிண்ட். முதல் இடம். முதல் இடத்துக்கு வருகிற ஒரே ஒரு அணிதான் மேலே போகும்.

ஆனால் நாலு மணிக்கு இன்னொரு மேட்ச் இருந்தது. காலனி லெவனுக்கும் மில் கேட்டுக்கும். காலனி ஜெயித்துவிட்டால் அவர்களுக்கு இருபது பாயிண்ட். டிரா ஆனால்கூட பூட்டுத் தெருதான் மேலே.

அந்த லீக்கில் ஒரு வழக்கம். லைன்ஸ்மேனுக்கென்று தனியாக ஆள் கிடையாது. முதல் மேட்ச் ஆடின இரண்டு அணியும் ஆளுக்கு ஒருவரை அடுத்த மேட்ச்சுக்குக் கொடி பிடிக்க அனுப்ப வேண்டும். யார் யார் என்று சீசன் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுவார்கள். எழுதின ஆள் வராவிட்டால் அணிக்கு இரண்டு பாயிண்ட் போச்சு.

கடைசி நாளுக்கு எழுதியிருந்த பெயர் சவரிமுத்து.

அவர் கொடியை வாங்கிக்கொண்டு நேரே டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குண்ணே?"

"காலனி தோக்கணும்னு மனசு அடிச்சுக்குது. இந்த மனசை வச்சுக்கிட்டு எப்படிக் கொடி பிடிக்கிறது? ஒரு பக்கமா சாயாம நிக்கிறதுக்கு என்ன வழி?"

டீச்சர் ஷூவின் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். அதன் மேல் சவரிமுத்துவை நிற்க வைத்தார்.

"மனசு சாயட்டும். அதை நம்மால பிடிச்சு வைக்க முடியாது. கால் மட்டும் கடைசி டிஃபெண்டருக்கு நேரா இருக்கட்டும். அவன் நகர்ந்தா நீங்களும் நகருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இது ஒரு பதிலா என்று சவரிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. கோட்டோரமாகப் போய் நின்றார்.

வேலை என்னவோ சின்னதுதான். சகாவிடமிருந்து பந்து புறப்படுகிற நொடியில் ஃபார்வர்ட் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றால் கொடி ஏற வேண்டும். இரண்டு பேரும் நேராக நின்றால் கொடி ஏறக் கூடாது. சவரிமுத்து மில் கேட் ஸ்டாப்பரோடு முன்னும் பின்னும் ஓடினார். சொந்த மேட்ச்சில்கூட அப்படி ஓடினதில்லை. மேட்டில் உட்கார்ந்திருந்த பூட்டுத் தெரு ஆட்கள் வேர்க்கடலை உரித்தபடி அதைப் பார்த்து வயிறெரிந்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிஷம்தான் பாக்கி.

காலனியின் நடு ஆட்டக்காரன் பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டான். ஃபார்வர்ட் பாய்ந்தான். பந்து புறப்பட்ட நொடியில் ஃபார்வர்டின் தோளும் ஸ்டாப்பரின் தோளும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. சவரிமுத்து அதைக் கண்ணாரக் கண்டார். கண்டுகொண்டிருக்கும்போதே வலது கை மேலே போய்விட்டது.

அந்தக் கையில் கொடி இருந்தது.

பந்து கோலுக்குள் புகுந்து, வலை இல்லாததால் பின்னாலிருந்த வாய்க்கால் வரை உருண்டது. ரெஃப்ரி தியாகராஜன் திரும்பிப் பார்த்தார். கொடியைக் கண்டு விசில் ஊதினார். கோல் இல்லை. மேட்டில் வேர்க்கடலை பறந்தது. பூட்டுத் தெரு கோல்கீப்பர் பாஸ்டின் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். பதினாலு வருஷக் கனவு, இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்தால் கையில்.

சவரிமுத்து குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் ஸ்டாப்பருக்கு நேராகத்தான் நின்றது.

மில் கேட் ஆள் ஃப்ரீ கிக் அடிக்கப் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். சவரிமுத்து கொடியும் கையுமாக மைதானத்துக்குள் ஓடினார்.

"சார், நிறுத்துங்க. ஆஃப்சைடு இல்லை. ரெண்டு பேரும் நேர்."

"அப்புறம் எதுக்குய்யா கொடியைத் தூக்கின?"

"கை தானாத் தூக்கிருச்சு சார்."

"நீ எந்த டீமு?"

"பூட்டுத் தெரு."

தியாகராஜன் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பாயிண்ட் கணக்கு அவருக்கும் தெரியும்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேன் சார். இப்பவே எழுதிக்கங்க."

ரெஃப்ரி கோல் என்று கை காட்டினார். காலனி ஜெயித்தது. அவர்கள் கேப்டன் ஓடி வந்து சவரிமுத்துவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தூக்கினவனுக்கு மூச்சு வாங்கியது. இறக்கி வைத்துவிட்டான்.

டீக்கடையில் பூட்டுத் தெரு ஆட்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வடை ஆறிக்கொண்டிருந்தது. சவரிமுத்து ஓரமாக நின்று தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாஸ்டின்தான் பேசினான்.

"ஏண்ணே, பதினாலு வருஷமா அந்தக் கையை ஒரு ரெஃப்ரியும் மதிச்சதில்லை. இன்னைக்குத்தான் ஒருத்தர் மதிச்சாரு. அதையும் கெடுத்துட்டீங்களே."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், பெஞ்சு முழுக்கப் பற்றிக்கொண்டது. டீக்கடைக்காரரும் சிரித்தார். சவரிமுத்துவுக்கும் கண்ணீரோடு சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்டின் தன் வடையில் பாதியைப் பிய்த்து அவர் கையில் வைத்தான்.

கூட்டம் கலைந்தபின் அவர் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறேன்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க."

"வலையைப் பார்க்காம நிறுத்த மனசு வரலை. பிராக்டிஸ் என்னைக்கு ஆரம்பிக்குது?"

"ஜூன் ஒண்ணு. காலையில ஆறு மணி. பந்துக்குக் காத்தடிச்சு எடுத்துட்டு வந்துருங்க."

"சரி டீச்சர்." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு. நீங்க சொன்னபடி காலை நேராத்தான் வச்சிருந்தேன். அப்படியும் கை ஏமாத்திருச்சே. அப்புறம் கால் நேரா இருந்து என்ன பிரயோஜனம்?"

டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கை ஏமாத்தினது உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சது?"